அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய்

எங்கள் காம்பராவில் நல்லெண்ணெய் குறைந்தால் எலியைத் திட்டுகிற வழக்கம் இல்லை. மச்சானைத்தான் திட்டுவோம். திட்டுகிற வேலை என் அக்காவுடையது. அக்காவின் புருஷனான மச்சான், வாசலில் குந்தியபடி, அடுத்த வீட்டுக்காரனுக்கு விழுகிற திட்டைக் கேட்பவர்போல அக்கறையாகக் கேட்டு முடிப்பார். பிறகு, "அது தாளிக்கத்தான் ஆவும், உருக்குக்கு ஆவாது" என்பார். எண்ணெயை எடுத்ததில் அவருக்கு வருத்தமே கிடையாது. எடுத்த எண்ணெய் உதவவில்லை என்பதுதான் வருத்தம்.

இலங்கையில் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் அவர். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் பங்களாக்களை விட்டுப் போகாத காலம் அது. அம்மா செத்த பிறகு நான் அக்காவோடு வந்து இருந்தேன். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அந்த ஒற்றை அறைக்குள் அக்கா, மச்சான், பிள்ளைகள், நான், பிறகு மச்சானின் எண்ணெய்ப் போத்தல்கள். போத்தல்களுக்குத்தான் நல்ல இடம் கிடைத்திருந்தது.

எனக்குச் சின்ன வயதில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து கால் முறிந்து, கோணலாகக் கூடிவிட்டது. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிக் கொழுந்து எடுக்க என்னால் முடியாது. ஸ்டோரில் சல்லடை அறையில், காய்ந்த தேயிலையிலிருந்து காம்பும் நாரும் பொறுக்குகிற வேலை ஒன்றுதான் நான் பலகையில் உட்கார்ந்து செய்யக்கூடியது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் இல்லாதவளுக்கு அரிசி இல்லை, கம்பளி இல்லை, லயத்தில் இருக்கிறதற்கும் ஒரு நாள் கேள்வி வரும். அந்தப் பலகைதான் எனக்குச் சோறு.

மச்சானின் வேலையில் பாதி, இயந்திரங்களில் போல்ட்டு போகிற துளைகளுக்கு மரை வெட்டுவது. பல்லுப் பல்லாக இருக்கும் உருக்குக் கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுத் திருகுவார். அதை டேப்பு என்பார்கள். காய்ந்தபடி திருகினால் டேப்பு துளைக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும். அப்புறம் முறிந்ததை எடுக்கவும் முடியாது, துளையை விடவும் முடியாது. அதற்குத்தான் எண்ணெய். மற்ற தோட்டத்துப் பிட்டர்கள் கையில் கிடைத்த இயந்திர எண்ணெயை ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்று கேள்வி. எங்கள் ஆளுக்கு அது ஆகாது. ஒவ்வொரு உலோகத்துக்கும் வாய் ருசி வேறு என்பது அவர் கட்சி.

வார்ப்பு இரும்புக்கு ஒன்றும் விடக்கூடாது, அதன் உடம்பிலேயே கரி இருக்கிறது, எண்ணெய் விட்டால் பொடி சேறாகிக் கெட்டுப்போகும். பித்தளை சாது, அதையும் சும்மா விட்டுவிடலாம். உருக்கு முரடு, அதற்குக் கொழுப்பு வேண்டும். ஆட்டுக் கொழுப்பை உருக்கி விளக்கெண்ணெயோடு கலந்து வைத்திருப்பார். செப்புக்குப் பால். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் கேட்காமலே சொல்லுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் மட்டும் அவருக்குத் தெரியாது.

கொழுப்பு டின்னைக் கூரை ஓரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். லயத்து நாய்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் படுத்துக் கிடக்கும். டின்னோடு அவர் ஸ்டோருக்குப் புறப்பட்டால் நாய்களும் புறப்படும். பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்கிற கண்டாக்கையா, துரைக்குக்கூட இவ்வளவு பரிவாரம் இல்லை என்று ஒரு நாள் சொன்னாராம். மச்சான் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் சொன்னார்.

பால் கதை இன்னும் மோசம். மேல் லயத்தில் மாடு வைத்திருந்த வீட்டில் கைப்பிள்ளைக்கென்று அக்கா பால் வாங்குவாள். ஒரு நாள் ஸ்டோரில் ஏதோ செப்புத் துண்டுக்கு மரை வெட்ட வேண்டியிருந்தது. மச்சான் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை வீறிட்டு அழுகிறது. அக்கா செம்பைத் தேடிக்கொண்டு ஸ்டோர் வாசல் வரைக்கும் போய், அங்கே நின்றே அவருடைய அப்பனிலிருந்து ஆரம்பித்தாள். அவர் வெளியே வந்து செம்பை நீட்டினார். ஒரு விரல் அளவுகூடக் குறைந்திருக்கவில்லை. "தொட்டுத் தொட்டுத்தான் வெச்சேன்" என்றார். அதில் விரலை விட்டாரா என்று அக்கா கேட்டதற்கு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்தப் பால் செடிக்குப் போனது.

ஆனால் அவர் அடாவடி ஆள் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் லயத்தில் கவிச்சி கூடாது. அந்த நாட்களில் கொழுப்பு டின்னை எடுத்துக்கொண்டு போய், தோட்ட எல்லைக்கு அப்பால் ஆற்றோரத்தில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு, கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கோயில் பக்கம் வருவார். ஒரு வருஷம் காப்பு நாளிலேயே கொழுந்து அரைக்கிற ரோலரின் உருக்குத் தண்டில் மரை அழிந்துபோயிற்று. டின் ஆற்றோரத்தில் இருக்கிறது, எடுக்க முடியாது. வெறும் விளக்கெண்ணெயை வைத்துக்கொண்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று பகல் முழுக்கத் திருகினார். பின்னால் திருப்பும்போதுதான் வெட்டின சுருள் உடைந்து வழி விடுமாம். சாயங்காலம் கை நடுங்கிக்கொண்டு வந்தார். அக்கா சோற்றை உருட்டி ஊட்டிவிட்டாள். நாங்கள் பார்க்கிறோமே என்ற வெட்கம் இரண்டு பேருக்கும் இல்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேரையும் அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எனக்கும் மச்சானுக்கும் ஒரு தீராத சண்டை உண்டு. தேயிலை எந்த வாசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சல்லடை அறைக்குப் போகிறவள் பூ வைக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் தேய்க்கக் கூடாது. அப்படிப்பட்ட வேலைக்குப் போகிற நான் இப்படிப்பட்ட மனுஷனோடு ஒரே அறையில் குடியிருந்தேன். என் சேலையை அவருடைய சட்டைக்குப் பக்கத்தில் காயப் போடாதே என்று அக்காவிடம் கெஞ்சுவேன். போத்தலை என் பாய்ப் பக்கம் வைக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லுவேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஏற்கெனவே ஒரு தடவை என்னை முகர்ந்துவிட்டு, விளக்கெண்ணெய் மணக்குது என்று திருப்பி அனுப்பியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலையை ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்த மலைக் கொழுந்து, எத்தனை நேரம் வாடியது என்று சொல்லிவிடுவார். மூக்கு விஷயத்தில் அவரும் எங்கள் மச்சான் மாதிரிதான், அவரும் ஒன்றை விடமாட்டார்.

இந்த நிலைமையில்தான் கொழும்பிலிருந்து புதுச் சல்லடை இயந்திரம் வந்து இறங்கியது. சலித்த தூள் வந்து விழுகிற தட்டு கனத்த அலுமினிய வார்ப்பு. காலோடு பூட்டுகிற துளைகள் சரியாக ஒத்துவரவில்லை. மச்சான் வேறு துளை போட்டு மரை வெட்டினார். அலுமினியம் டேப்பின் பல்லில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதற்கு மண்ணெண்ணெய்தான் சரி. மண்ணெண்ணெய் விட்டார். வெட்டி முடித்துத் துணியால் நன்றாகத் துடைத்தார். கண்ணாடி மாதிரி மரை விழுந்திருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். பாக்கி இருந்த துளைகளைக் கொழுந்து குறைகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளில், அனுப்பின தேயிலையில் ஒரு பகுதி கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் வாடை என்று சொல்லிவிட்டார்கள். துரை டீமேக்கர் ஐயாவைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். ஐயா சல்லடை அறைக்கு வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார். எல்லார் வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனால் என் சேலையில்தான் பிட்டர் வீட்டு வாடை தூக்கலாக இருந்தது. ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்டவளும் நான்தான். திங்கட்கிழமையிலிருந்து மலைக்குப் போ என்றார். காலைக் காட்டினேன். பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அக்காவும் அழுதாள். மச்சான் மட்டும் அழுகைக்கு நடுவிலே குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எண்ணெய் வாடை இல்லையா, மண்ணெண்ணெய் மட்டுந்தானா? திரும்பி வந்தது எந்தத் தூள்? பழைய இயந்திரத்துத் தூள் நன்றாகப் போயிற்றா? எனக்கு எரிச்சலாக வந்தது. என் பிழைப்புப் போகிறது, இந்த மனுஷனுக்குத் தூள் கணக்கு. புது இயந்திரத்துத் தூள் மட்டுந்தான் என்று கத்தினேன். அவர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார்.

"மரைப் பள்ளத்துல நின்னுருச்சு," என்றார் கடைசியில். "மேலதான தொடச்சேன். உள்ளுக்க நின்னுருச்சு."

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. இவர் போய்ச் சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அவர்கள் பிள்ளைகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவர் சல்லடை அறைக்கு நேராக வந்தார். எல்லாப் பெண்களும் இருக்கிறோம். ஐயாவிடம், அந்தப் புள்ள மேல தப்பு இல்லீங்க, தட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டது நான்தான், அலுமினியத்துக்கு அது சரி, தேயிலைக்குச் சரியில்லைங்கிறத நான் யோசிக்கல என்றார். ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். துடைத்த தட்டிலிருந்து வாடை வருமா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்:

"மச்சாளில உனக்கு இவ்வளவு கரிசனையோ?"

மனைவியின் தங்கையை அவர்கள் பக்கத்தில் மச்சாள் என்பார்கள். அந்த வார்த்தை எங்களுக்கு விளங்காமல் இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தப் பலகைக்குள்ளேயே புதைந்துபோகலாம் போல இருந்தது. ஒரே அறையில் இருக்கிற கொழுந்தியாளையும் மச்சானையும் பற்றிப் பேச லயத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பேச்சு பீலிக்குப் போய்விட்டது. பீலி என்பது லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற இடம். அங்கே அக்கா குடத்தோடு நின்றிருந்தாள்.

அக்கா என்ன செய்வாளோ என்றுதான் எனக்குப் பயம். அவள் குடம் நிரம்புகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம்:

"எந்தங்கச்சிக்காகச் சொல்லியிருந்தா எனக்குச் சந்தோசந்தாங்க. அந்த மனுசன் தகரத்துக்காகச் சொல்லியிருக்காரு. அதான் எனக்கு வயிறு எரியுது."

இதை அவள் எனக்குச் சொல்லவே இல்லை. தண்ணீர் பிடிக்க நின்ற ஒருத்திதான் பிறகு சொன்னாள். அக்கா வீட்டுக்கு வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள், வழக்கத்தைவிட இழுத்து இழுத்து வாரினாள்.

மச்சான் ஐயாவை விடவில்லை. அந்தப் பேச்சு தன் காதில் விழாதது மாதிரியே, வேண்டுமென்றால் வெட்டிக் காட்டுகிறேன் என்றார். மிச்சமிருந்த அலுமினியத் துண்டுகள் இரண்டை எடுத்தார். ஒன்றில் மண்ணெண்ணெய் விட்டு மரை வெட்டி, அன்றைக்குத் துடைத்தது போலவே துடைத்தார். இன்னொன்றில் சவுக்காரத் தண்ணீர் விட்டு வெட்டி, வெந்நீரில் கழுவினார். இரண்டு டின்னில் ஒரே குவியலிலிருந்து நல்ல தூளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் புதைத்து மூடினார். டின்களைப் பூட்டிவைத்த அலமாரிச் சாவி ஐயாவிடம். ஐயாவுக்கு இது நம்பிக்கையில்லாத வேலையாக இருந்தாலும், ருசி பார்க்கச் சொன்னால் மறுக்கிற ஆள் அவர் இல்லை.

மறுநாள் காலை ஐயாவின் மேசையில் வெள்ளைக் கோப்பைகள். எந்தக் கோப்பையில் எது என்று அவருக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். முதல் கோப்பையைக் கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டித் துப்பினார். இரண்டாவதை உறிஞ்சினார். துப்பிவிட்டு அப்படியே நின்றார். கொழும்பிலிருந்து திரும்பி வந்த தேயிலையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் ஊற்றிப் பார்த்தார்.

"இதுதான்," என்றார். "இதே வாடை."

நான் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வேலை போகப் போகிற ஆள், பல் முழுக்கத் தெரிகிற மாதிரி, சந்தோஷமாக. மண்ணெண்ணெய் மரைப் பள்ளத்துக்குள் நிற்கும் என்று அவர் சொன்னது சரியாகிவிட்டதே, அந்தச் சந்தோஷம். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை எல்லாரும் பார்த்தார்கள். பெண்ணுக்காகப் பொய்யை ஏற்றுக்கொள்கிறவன் முகம் அப்படி இருக்காது என்பது பின்வரிசைக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு லயத்தில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் அக்காவின் பதிலைச் சொல்லிச் சிரிக்கத்தான் எடுத்தார்கள்.

ஐயா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உன் இடத்துக்குப் போ என்றார். அவருக்கு அது பெரிய வார்த்தை. துரை மட்டும் இளகவில்லை. இனி இந்த ஆள் ஸ்டோருக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, வேலை செய்கிறதென்றால் கவ்வாத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைக்கிற மலைவேலை. மச்சான் போனார். பிறகு துரை மாறினார், வேறு துரை வந்தார், அந்த உத்தரவு மட்டும் மாறவே இல்லை. மச்சான் கடைசிவரைக்கும் கவ்வாத்துக்காரராகவே இருந்தார். நான் கண் மங்கும்வரைக்கும் சல்லடை அறையிலேயே இருந்தேன்.

அவர் கவ்வாத்துக்குப் போன முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து புதுப் பிட்டர் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். புது இயந்திரத்தில் விட்டுவைத்த துளைகளுக்கு அவர் மரை வெட்ட வந்தார். மண்ணெண்ணெய்க் கதை அவருக்கும் தெரியும். அதனால் வாடையில்லாத எண்ணெய் என்று தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, ஒரு துளையை வெட்டிவிட்டு, மீதியை நாளைக்கு என்று போய்விட்டார். சாயங்காலம் நான் இதைச் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

மச்சானின் கையெல்லாம் கவ்வாத்துக் கிழிசல். அக்கா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையை உருவிக்கொண்டார். தேங்காயெண்ணெய் இன்றைக்கு வாடையடிக்காது, பத்து நாளில் சிக்கு வாடை எடுக்கும், அதுவும் சூட்டில் ஆடுகிற தட்டில் சொல்லவே வேண்டாம் என்றார். அக்கா, உங்களை வெளியே தள்ளின ஸ்டோர் எப்படிப் போனால் உங்களுக்கு என்ன என்று கேட்டாள். நானும் அதையேதான் நினைத்தேன். இன்னும் அந்தத் தகரத்தை விடமாட்டேன் என்கிறாரே என்று வெறுப்பாகக்கூட இருந்தது.

விடிந்ததும் பார்த்தால், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியால் கட்டிச் சவுக்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கரைத்ததைத் துணியில் வடிகட்டிப் போத்தலில் ஊற்றி, என்னிடம் நீட்டினார். இதைப் புதுப் பிட்டரிடம் கொடு, தேங்காயெண்ணெய் பட்ட துளையைச் சவுக்காரம் போட்டுக் கொதிநீரில் கழுவச் சொல்லு, டீமேக்கர் ஐயா கேட்டால் முகர்ந்து பார்க்கச் சொல்லு என்றார்.

"உங்களுக்கு ஏன் மச்சான் இந்த வேல?" என்றேன். "அந்தத் தட்டு எப்புடிப் போனா என்ன?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"தட்டு வாடையெடுத்தா மறுபடியும் ஒன்னயத்தான புள்ள மோந்து பாப்பாரு?" என்றார். "மலையில ஒன்னால ஏற முடியாது. நான் ஏறிப் பாத்துட்டேன்ல."

அக்கா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டாள். நான் அழுதேன். அவருக்கு அழுகிறவர்களிடம் என்ன செய்வதென்று தெரியாது. போத்தலைப் பிடிக்கச் சொன்னார். நான் வாங்கி நாலடி நடந்தேன். என் நடையில் போத்தல் குலுங்கி உள்ளே நுரை கட்டியது. நுரை இருந்தால் மரை தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டார். கவ்வாத்துக்காரர்கள் மேலே மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, போத்தலை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு, என் காலுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஸ்டோர் கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று போத்தலை என் கையில் கொடுத்தார். நான் உள்ளே போனேன்.